‘தி வெய்லிங்’ படத்தில் கொலைகாரன் யார்?

நீங்கள் கேட்டது இது: 2016இல் வந்த கொரியப் படம் ‘தி வெய்லிங்’ பார்த்தேன், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தும் ஒன்றும் புரியவில்லை. கொலைகளுக்குக் காரணம் அந்த ஜப்பான்காரரா, பூசை செய்ய வந்த சாமியாடியா, வெள்ளை உடைப் பெண்ணா? அந்தப் போலீஸ்காரன் ஒழுங்காக விசாரித்திருந்தால் குடும்பம் தப்பித்திருக்குமா?

சுருக்கமாகச் சொன்னால், ஜப்பான்காரரும் சாமியாடியும் ஒரே கட்சி, அந்தப் பெண் ஊரைக் காக்கிற பக்கம். இதற்குப் படத்துக்குள்ளேயே போதுமான தடயம் இருக்கிறது. ஆனால் இது தெரிந்துவிட்டால் படம் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரியது. கீழே இருப்பது முழுக்கக் கதையை உடைத்துத்தான் பேசப்போகிறது, பார்க்காதவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதலில் இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம். நா ஹாங்-ஜின் எடுத்த மூன்றாவது படம் இது. முதல் படம் 2008இல் வந்த ‘தி சேசர்’, சியோலில் பலரைக் கொன்று 2004இல் பிடிபட்ட யூ யாங்-சுல் என்பவனின் வழக்கை அடியொற்றியது. அதில் கொலைகாரன் யார் என்ற மர்மமே கிடையாது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்கிறான், போலீசால்தான் அதை நிரூபிக்க முடிவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு ‘தி வெய்லிங்’ தொடக்கத்தைப் பாருங்கள். தென் ஜொல்லா மாகாணத்தில் கோக்சாங் என்கிற மலையோர ஊர் (அதே பெயரில் நிஜமாகவே ஒரு மாவட்டம் உண்டு, படப்பிடிப்பில் பெரும்பகுதியும் அங்கேதான்). ஒரு வீட்டில் கொலை. கொன்றவன் ஓடிப்போகவில்லை, உடம்பெல்லாம் கொப்புளமும் வெறித்த பார்வையுமாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். குடும்பத்தில் ஒருவருக்கு முதலில் உடம்பில் தடிப்பு வருகிறது, அப்புறம் புத்தி பேதலிக்கிறது, அப்புறம் வீட்டிலிருப்பவர்களையே கொன்றுவிடுகிறார். ஆக ‘யார் கொன்றது’ என்ற கேள்விக்குப் போலீசிடம் ஒவ்வொரு தடவையும் பதில் இருக்கிறது. ‘ஏன்’ என்பதற்குத்தான் இல்லை. காட்டுக் காளான் விஷம் என்று ஒரு மருத்துவ விளக்கமும் நடுவில் வருகிறது, ரத்தத்தில் அது இருந்ததாகவும் சொல்கிறார்கள். படம் அதை மறுக்கவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை.

இந்தப் படம் எழுத என்ன காரணம் என்று கேட்டபோது, தனக்கு நெருக்கமான சிலர் இறந்ததைத்தான் நா ஹாங்-ஜின் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எப்படிச் செத்தார்கள் என்பது தெரியும், ஏன் அவர்கள் என்பது தெரியவில்லை, அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது போலீஸ் கதைக்குள் அது அடங்கவில்லை, சாமி, பூதம் என்று வெளியே போகவேண்டியிருந்தது.

இப்போது நம் நாயகன் ஜாங்-கூ. குவாக் டோ-வான் நடித்தது. அதுவரை பெரும்பாலும் துணை வேடங்களில் வந்துகொண்டிருந்தவரைத் தூக்கி 156 நிமிடப் படத்தின் நடுவில் வைத்தது சரியான முடிவு, ஏனென்றால் இந்த மனிதனிடம் நாயகத்தனம் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. விடியற்காலையில் கொலை என்று போன் வருகிறது. அவசரமாகக் கிளம்புகிறவனை மாமியார் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார். உட்கார்ந்து சாப்பிடுகிறான், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மழையில் ஆடி அசைந்து சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர்கிறான். இன்னொரு நாள் ராத்திரி, ஸ்டேஷனில் இவனும் கூட்டாளியும் ஊர் வதந்தி பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது, வாசல் கண்ணாடிக்கு வெளியே மழையில் ஒரு பெண் ஆடையில்லாமல் நிற்கிறாள், இரண்டு போலீஸ்காரர்களும் குழந்தைகள் மாதிரி அலறுகிறார்கள். தியேட்டரில் சிரிப்புதான் வந்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் இப்படிச் சிரிக்கவிட்டே நம்மை இவன் பக்கம் உட்காரவைத்துவிடுகிறார்கள், அதனால் அவன் எடுக்கிற ஒவ்வொரு தப்பான முடிவையும் நாமும் கூடவே சேர்ந்து எடுக்கிறோம்.

அவன் என்னதான் விசாரித்தான் என்று யோசித்துப் பாருங்கள். மலைக்காட்டில் தனியாக இருக்கும் ஜப்பான்காரரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டாளி சொன்ன கதை, வேட்டைக்குப் போனவன் சொன்ன கதை: கோவணத்தோடு நாலு காலில் நடக்கிறார், செத்த மானைப் பச்சையாகத் தின்கிறார், கண் சிவப்பாக எரிகிறது. இந்தக் காட்சிகளை நாம் கண்ணால் பார்க்கிறோம், அதனால் நடந்ததாகவே மனதில் பதிந்துவிடுகிறது, ஆனால் அத்தனையும் யாரோ சொல்லக் கேட்டது, யாரோ கண்ட கனவு. அதோடு அவர் ஜப்பானியர் என்பது. 1910 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சியில் இருந்த நாட்டில், ஊருக்கு வெளியே பேசாமல் உட்கார்ந்திருக்கிற வயதான ஜப்பான்காரர்மேல் சந்தேகம் விழ வேறு ஆதாரமே தேவையில்லை. ஜுன் குனிமுரா இதை அருமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். ‘கில் பில்’ முதல் பாகத்தில் மேசையில் உட்கார்ந்து தலையைப் பறிகொடுப்பாரே, அந்த யாக்கூசா (ஜப்பானிய மாஃபியா) தலைவர் இவர்தான். இங்கே முக்கால்வாசிப் படத்துக்கு வெறுமனே பார்க்கிறார், அவ்வளவுதான். பின்னால் ஜாங்-கூவும் அவன் ஆட்களும் துரத்தும்போது பாறைக்கடியில் ஒளிந்து அழுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது, வரவேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

சரி, விசாரணைக்கு வருவோம். அவர் வீட்டுக்குப் போகிறார்கள், பூட்டை உடைக்கிறார்கள், உள்ளே ஒரு அறை முழுக்கச் செத்தவர்களின் போட்டோ, அவர்களுடைய உடைமைகள். கூட்டாளி கையில் சிக்குவது ஜாங்-கூவின் மகள் ஹ்யோ-ஜினின் பள்ளிக்கூடச் செருப்பு. ஒரு கொலை வழக்கில் இதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா? ஜாங்-கூ என்ன செய்கிறான்? திரும்பப் போய் பூசை மேடையை அடித்து நொறுக்குகிறான், நாயைக் கொல்கிறான், மூன்று நாளில் ஊரைவிட்டு ஓடு என்கிறான். ஆதாரத்தைக் கைப்பற்றவேண்டிய போலீஸ்காரனே அதை அழித்துவிட்டு வருகிறான். அதற்கப்புறம் இது போலீஸ் வழக்காகவே இல்லை.

இதற்குள் மகள் ஹ்யோ-ஜினுக்கும் அதே தடிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் மாமியார் சொல்லி இல்-குவாங் வருகிறார், ஹ்வாங் ஜுங்-மின் நடித்த சாமியாடி. கொரியாவில் இவர்களை மூடாங் என்பார்கள், ஆணாக இருந்தால் பாக்சு, இவர்கள் மேளதாளத்தோடு ஆடிச் செய்யும் சடங்கு ‘குத்’. இது ஏதோ பழைய காலத்துச் சமாச்சாரம் இல்லை, வீடு மாற்ற, தொழில் தொடங்க, நோய் தீர என்று இன்றைக்கும் கூப்பிட்டுச் செய்கிறார்கள். இல்-குவாங் நவீன ரகம்: கார், குடுமி, கறார் ரேட். வந்தவுடன் வீட்டைச் சுற்றி மோப்பம் பிடித்து, சோயா சாஸ் ஜாடியை உடைத்து உள்ளிருந்து செத்த காக்கையை எடுக்கிறார். இது போதாதா குடும்பம் நம்ப? நமக்கும் போதும். ஒரு கோடி வான் செலவில் ஜப்பான்காரர்மேல் செய்வினை ஏவுவதாக ஏற்பாடு.

உங்கள் குழப்பம் முழுக்க அடுத்து வரும் அந்தச் சடங்குக் காட்சியில்தான் தொடங்கியிருக்கும், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் வீட்டு முற்றத்தில் இல்-குவாங் கத்தியோடு ஆடுகிறார், மேளம் அடிக்கிறது, வெள்ளைக் கோழி பலி. இன்னொரு பக்கம் மலைவீட்டில் ஜப்பான்காரர் பறை தட்டுகிறார், கறுப்புக் கோழிகள். மூன்றாவதாக அறைக்குள் ஹ்யோ-ஜின் துடிக்கிறாள். மூன்றையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள். இல்-குவாங் ஆணி அறைகிறார், ஜப்பான்காரர் சுருண்டு விழுகிறார், அடுத்த வெட்டில் பெண் அலறுகிறாள். இரண்டு மந்திரவாதிகளுக்குச் சண்டை, குழந்தை நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நம் மூளை தானாகக் கோத்துக்கொள்கிறது. படம் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, எடிட்டிங் மட்டும்தான் சொன்னது.

திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஜப்பான்காரர் முன்னால் இருக்கும் போட்டோ ஹ்யோ-ஜினுடையதே இல்லை. காட்டில் ஒரு லாரிக்குள் செத்துக் கிடக்கிறானே பார்க் சுன்-பே, அவனுடையது. அவர் அந்தப் பிணத்தை எழுப்பும் வேலையில் இருக்கிறார் (பிறகு அது எழுந்து வந்து, தலையில் முள்வாரி குத்தி நிற்க, எல்லாரையும் துரத்துகிறது, படத்திலேயே கோரமும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்த இடம் அதுதான்). இல்-குவாங் அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் துடிப்பது ஹ்யோ-ஜின். அதாவது அவர் ஏவியது அந்தக் குழந்தைமேல்தான். இன்னொன்று, அவர் ஆணி அறைவது எதன்மேல்? ஜாங்சுங் என்கிற மரச்சிற்பத்தின்மேல். கொரிய கிராமங்களில் ஊர் வாசலில் கெட்டது நுழையாமல் இருக்க முழித்த கண்ணும் பல்லுமாக நட்டு வைப்பார்களே, அந்த எல்லைக்காவல். ஊரைக் காக்கவந்தவர் ஊர்க்காவல் தெய்வத்தின் உடம்பில் ஆணி அடிக்கிறார், கொரியப் பார்வையாளர்களில் கவனித்தவர்களுக்கு அங்கேயே பொறி தட்டியிருக்கும். அப்படியானால் ஜப்பான்காரர் ஏன் சுருண்டு விழுந்தார்? அவரை அடித்தது அந்த வெள்ளை உடைப் பெண் என்று வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் பொருந்துகிறது. படம் இதை நேராகக் காட்டவில்லை, நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, போட்டோவைக் காட்டிவிட்டுத்தானே ஏமாற்றுகிறார்கள், நாம்தான் பார்க்கவில்லை.

சாமியாடியும் ஜப்பான்காரரும் கூட்டு என்பதற்கு வேறு சாட்சியும் இருக்கிறது. இல்-குவாங் உடை மாற்றும்போது உள்ளே கட்டியிருப்பது ஜப்பான்காரர் காட்டில் கட்டியிருந்த அதே மாதிரிக் கோவணம். அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்றதும் மூக்கில் ரத்தம் வந்து, வாந்தி எடுத்து, ஊரைவிட்டே ஓடப் பார்க்கிறார். வழியில் பூச்சிக் கூட்டம் கார் கண்ணாடியை மூடவும் திரும்பிவிடுகிறார். கடைசியில் செத்தவர்களைப் போட்டோ எடுப்பதும் அவர்தான், கை தவறி விழும் பெட்டியிலிருந்து பழைய போட்டோக்கள் சிதறுகின்றன. சங்கதி முடிந்தது.

ஆனால் இதெல்லாம் நமக்குத் தெரிவது எல்லாம் முடிந்தபிறகு. அந்த ராத்திரி தெருவில் நிற்கும் ஜாங்-கூவின் கையில் என்ன இருந்தது? சுன் வூ-ஹீ நடித்த அந்தப் பெண் அவன் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டு, பேயைப் பிடிக்கக் கண்ணி வைத்திருக்கிறேன், சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே என்கிறாள். போனில் இல்-குவாங், அவள்தான் பேய், அவளை நம்பாதே, நான் ஆளை மாற்றி அடித்துவிட்டேன், ஜப்பான்காரர் அவளைப் பிடிக்க வந்தவர் என்கிறார். இரண்டு வாக்குமூலம், இரண்டையும் சரிபார்க்க வழியில்லை. அப்போது அவன் கண்ணில் படுகிறது, அவள் காலடியில் தன் மகளின் தலைமுடிக் கிளிப். அவள் போட்டிருப்பதும் செத்துப்போனவர்களின் துணி. அவ்வளவுதான், முடிவு செய்துவிடுகிறான்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். செத்தவர்களின் பொருள் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி, இது ஜப்பான்காரர் வீட்டில் அவன் கற்றுக்கொண்ட பாடம். அங்கே அது சரியாகவே இருந்தது. அதே கணக்கை இங்கே போடுகிறான், தப்பாகிறது. ஜப்பான்காரர், சாமியாடி, அந்தப் பெண் என மூன்று பேரிடமும் ஒரே மாதிரித் தடயத்தை வைத்திருக்கிறார் இயக்குநர். சாதாரணத் துப்பறியும் கதையில் தடயம் ஒரே ஒரு ஆளைக் காட்டும். இங்கே மூன்று பேரையும் காட்டுகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஒழுங்காக விசாரித்திருந்தாலும் தப்பித்திருக்க மாட்டான். சேவல் கூவும்வரை அவளை நம்பி நின்றிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம், ஆனால் மகள் வீட்டுக்குள் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தியை ஒரு ஆதாரமும் இல்லாமல் நம்பி எந்தத் தகப்பன் தெருவில் நிற்பான்? மூன்றாவது கூவலுக்கு முன்னே கிளம்பிவிடுகிறான். அவன் வாசலைத் தாண்டியதும் அங்கே தொங்கவிட்டிருந்த செடி கருகிச் சுருங்குகிறது, கண்ணி அறுந்தது.

சேவலும் அந்த மூன்று என்ற கணக்கும் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லத் தேவையில்லை, சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடன் பேதுருவின் கதைதான். இந்தப் படம் கிறிஸ்தவத்தைச் சும்மா தூவவில்லை. தொடக்கத்திலேயே லூக்கா 24ஆம் அதிகாரத்தை எழுத்தில் போடுகிறார்கள், உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம், ஏன் கலங்குகிறீர்கள், நான் ஆவி இல்லை, என் கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லும் இடம். கடைசியில் குகைக்குள் அதே வார்த்தைகளைச் சொல்வது யார்? ஜப்பான்காரர். எதிரில் கையில் அரிவாளோடு நிற்கும், பாதிரியார் ஆகப்போகிற இளம் திருத்தொண்டர், நீ யார் என்று சொல் என்கிறார். நீ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தானே வந்திருக்கிறாய், நான் என்ன சொன்னால் என்ன என்கிறது பதில். கையில் ஆணித் தழும்பு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொம்பும் நகமுமாக மாறுகிறார். சந்தேகப்பட்டதால் பிசாசு ஆனாரா, பிசாசு என்பதால் சந்தேகம் சரியா என்று பிரிக்க முடியாதபடி அந்தக் காட்சி நிற்கிறது. நம்பினால் வேறு உருவம் வந்திருக்குமா என்று சிலர் வாதாடுவார்கள். சடங்குக் காட்சியில் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆளை நாம்தான் பார்த்துவிட்டோமே, எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. கொரியாவில் 2015 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் புராட்டஸ்டண்ட் அல்லது கத்தோலிக்கர். அதே மக்கள் நடுவில்தான் மூடாங்கும் இருக்கிறார். ஒரே வீட்டுக் கவலைக்குப் போலீஸ், மருத்துவமனை, சாமியாடி, தேவாலயம் என்று வரிசையாகக் கதவு தட்டுவது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படாது.

கடைசியாக அந்த ‘ஏன்’. படம் இரண்டு பதில் வைத்திருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இல்-குவாங் சொல்வது: தூண்டில் போடுகிறவனுக்கு என்ன மீன் மாட்டும் என்று தெரியுமா, அவன் போட்டான், உன் மகள் கவ்வினாள். (படத்தின் முதல் காட்சியே ஜப்பான்காரர் ஆற்றங்கரையில் கொக்கியில் இரை கோப்பதுதான்.) அந்தப் பெண் சொல்வது: தகப்பன் பாவம் செய்தான், பிறர்மேல் சந்தேகப்பட்டான், கொன்றான் (துரத்திப் போனபோது ஜப்பான்காரர்மேல் வண்டி மோதியதைச் சொல்கிறாள்), அதனால்தான். அதற்கு ஜாங்-கூ கேட்கிறான், மகளுக்கு உடம்பு கெட்ட பிறகுதானே நான் அதையெல்லாம் செய்தேன்? நியாயமான கேள்வி, காலவரிசையில் அவன் சொல்வதுதான் சரி. அவளிடம் அதற்கு மறுமொழி இல்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறாள். நல்ல பக்கத்துத் தெய்வமே ‘ஏன்’ என்பதற்கு ஒட்டாத பதில் சொல்கிற பேய்ப்படம் வேறு எனக்கு நினைவில்லை. அவளை நம்புவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடிப்பில் நான் முதல் இடம் தருவது யாருக்கென்றால் ஹ்யோ-ஜினாக வந்த கிம் ஹ்வான்-ஹீக்கு. ராத்திரி தூங்கும் மகளின் தொடையில் தடிப்பு இருக்கிறதா என்று தகப்பன் துணியை விலக்கிப் பார்க்கிறான், அவள் விழித்துக்கொண்டு, என்ன முக்கியம், எதுதான் முக்கியம் என்று உனக்குத் தெரியுமா என்று ஜொல்லா வட்டார வழக்கில் கத்துகிறாள். அந்த வசனம் கொரியாவில் தெருவெல்லாம் பேசப்பட்டது, விளம்பரத்தில்கூட வந்தது. பிசாசு பேசுகிறதா, அத்துமீறிய தகப்பன்மேல் கோபப்படும் பெண் பேசுகிறதா என்று சொல்லமுடியாத குரல். ஒளிப்பதிவு ஹாங் க்யுங்-ப்யோ, பின்னால் ‘பாரசைட்’ எடுத்தவர். மழை, மலைமேகம், விடியலுக்கு முந்தின நீலம் எல்லாம் அவர் கைவேலை. கொரியாவில் 68 லட்சத்துக்கு மேற்பட்டோர் தியேட்டரில் பார்த்த படம் என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான், முடிவில் ஒரு ஆறுதலும் தராத படத்துக்கு அத்தனை கூட்டம்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் யார் எப்போது போட்டோ எடுக்கிறார்கள், அந்தப் பெண் எந்தெந்தக் காட்சியில் தூரத்தில் நிற்கிறாள் என்ற இரண்டையும் மட்டும் தொடருங்கள், மற்றது தானாக விளங்கும். அப்புறம், 2021இல் வந்த ‘தி மீடியம்’ படத்தையும் பாருங்கள். இல்-குவாங்கின் கதையைத் தொடரலாம் என்று நா ஹாங்-ஜின் யோசித்தது வேறு உருவெடுத்து, அவர் தயாரிப்பில், தாய்லாந்தின் ஈசான் பகுதியில் நடப்பதாக வந்தது. இயக்கியவர் பஞ்சொங் பிசந்தனகுன், 2007இல் தமிழில் ‘சிவி’ என்று வந்ததே, அதற்கு மூலமான ‘ஷட்டர்’ படத்தை எடுத்த இருவரில் ஒருவர். அதில் கொலை மர்மம் கிடையாது, ஆவணப்பட பாணியில் ஒரு சாமியாடிக் குடும்பத்தின் பின்னாலேயே கேமரா போகிறது. கடைசி அரைமணி நேரம் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் முன்பாதி பிரமாதம்.